பழைய கொடியை எரித்த காலை

கயிற்றைச் சுண்டினேன். உச்சியில் முடிச்சு அவிழ்ந்து கொடி விரிந்தது. எப்போதும்போல சாமந்தி இதழ்கள் கொட்டின. அவற்றோடு ஒரு பச்சைத் துணித்துண்டும் ஆடி ஆடி இறங்கி, முன்வரிசையில் நின்ற பிள்ளைகளின் காலடியில் விழுந்தது.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. பூவோடு அதுவும் ஏதோ ஏற்பாடு என்று நினைத்திருப்பார்கள். கொடிப்பாட்டைத் தொடங்கப் போன பாட்டு டீச்சர்தான் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். பச்சைப் பட்டையின் அடியோரம் நார்நாராகத் தொங்கியது. காவி வெளுத்துச் சாக்குத்துணி நிறத்துக்கு வந்திருந்தது. சக்கரத்தின் நீலம் கரைந்து வெள்ளைக்குள் ஊறியிருந்தது. கடற்காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்து எது கழன்று விழும் என்று சொல்ல முடியாது.

விழுந்த துண்டை இரண்டு கையாலும் எடுத்து மடித்துக்கொண்டு, தலைமை ஆசிரியை கனகவல்லி அம்மாளைப் பார்த்தேன். அவர் கொடியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அது ஒரு சுதந்திர தினம். மொழிப் போராட்டம் ஓய்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். கடலூரில் ஓ.டி. என்று நாங்கள் சொல்லும் பழைய பட்டணத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் டிரில் டீச்சராக இருந்தேன்.

குப்பத்துப் பெண்

என் திருமணத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு என் மகள் கோபித்துக்கொண்டாள். அப்பாவின் சைக்கிள் கடையைப் பற்றி அத்தனை எழுதினாயே, நீ ஓடிய ஓட்டத்தைப் பற்றி ஒரு வரி உண்டா என்று கேட்டாள். நியாயம்தான். ஒரு வரி எழுதிவிடுகிறேன்.

பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம் எங்களுடையது. மணலில் ஓடி வளர்ந்த கால் என்பதால் பள்ளிப் போட்டிகளில் யாரும் என்னைப் பிடிக்க முடியாது. அந்தக் காலை நம்பித்தான் படித்தேன். அந்தக் கால்தான் வேலையும் வாங்கிக் கொடுத்தது.

மாமன் மகன் ராமலிங்கத்தைக் கட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குக் குடிபோன பிறகும் வேலையை விடவில்லை. காலையில் பாசஞ்சர் பிடித்துக் கடலூர் போவேன். மாலையில் அதே மாதிரி திரும்புவேன். நடுவில் பரங்கிப்பேட்டையில் வண்டி நிற்கும்போது கருவாட்டு வாசனை பெட்டிக்குள் வரும். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் ஜன்னலோரம் நகர்ந்து உட்காருவேன்.

டிரில் டீச்சர் பயிற்சியில் எங்களுக்குக் கொடிக்கென்றே தனி வகுப்பு வைத்தார்கள். எப்படி மடிப்பது, எந்த முடிச்சுப் போடுவது, மாலையில் எப்படி இறக்குவது என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நைந்துபோன கொடியை என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் ஒரு பாடம். பறக்கவிடக் கூடாது. வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. துண்டு போடக் கூடாது. கூட்டம் கூட்டாமல், தனியிடத்தில், முழுசாக, மரியாதையோடு தீயில் இட வேண்டும்.

பயிற்சியில் அது ஒரு கேள்விக்கான பதில். நான் கையால் செய்ய வேண்டிய நாள் வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

வெறும் கம்பம்

அன்று மிட்டாய் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பிய பிறகு கனகவல்லி அம்மாளின் அறைக்குப் போனேன். இந்தக் கொடி இனி ஏறக் கூடாது, எரித்துவிட வேண்டும் என்று சொன்னேன்.

அவர் தைத்துக்கொள்ளலாம் என்றார். ஏற்கெனவே தைத்த இடமே பாதி என்றேன். நூல் நிற்பதற்குத் துணி வேண்டுமே என்றேன். அவர் கொடியை வாங்கி மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். இந்தப் பேச்சை இனி எடுக்காதீர்கள் டீச்சர் என்று சொல்லிவிட்டார்.

கண்டிப்பான மனுஷி. ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைக் கதர்ப்புடவை தவிர வேறு உடுத்தி நான் பார்த்ததில்லை. அவர் தாழ்வாரத்தில் நடந்து வந்தால் புடவைச் சரசரப்பு முதலில் வரும். வகுப்புகள் அடங்கிவிடும்.

திங்கட்கிழமைதோறும் கொடி ஏற்றுவது எங்கள் பள்ளி வழக்கம். அது நின்றுபோனது. பிள்ளைகள் வெறும் கம்பத்தைச் சுற்றி நின்று பாட்டுப் பாடிவிட்டு வகுப்புக்குப் போனார்கள். கயிறு கம்பத்தில் மோதி டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

புதுக் கொடி வாங்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு விசித்திரமாக இருந்தது.

"புதுசு வாங்கிட்டா, இது பழசுன்னு ஆயிடும் டீச்சர்."

பழசுதானே என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். ஆனாலும் நான் விடுவதாக இல்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது அவர் அறைவாசலில் போய் நின்று அதே பேச்சை எடுத்தேன். அவரும் அதே பதிலைச் சொன்னார்.

பிடிதுணி

பள்ளிக் கமிட்டித் தலைவர் ஒரு அரிசி மில் முதலாளி. அவர் வீட்டுக் கல்யாணம் ஒன்று எங்கள் பள்ளி மண்டபத்தில் நடந்தது. மண்டபத்தை ஒட்டிய அறைகளையெல்லாம் சாமான் வைக்கத் திறந்துவிட்டார்கள். தலைமை ஆசிரியை அறையில் இருந்த பீரோவையும் யாரோ மாற்றுச்சாவி போட்டுத் திறந்து, உள்ளே இருந்ததை ஒரு மூலையில் குவித்துவிட்டுப் பட்டுப்புடவைகளை வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை நாங்கள் வந்தபோது பின்கட்டில் கோட்டை அடுப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. சாம்பார் வாசனையும் வாழையிலை அழுகிய நாற்றமும் கலந்து வந்தன. அடுப்புக்குப் பக்கத்தில் கருகிய துணிமூட்டை ஒன்று கிடந்தது. சூடான அண்டாவை இறக்கப் பிடிதுணியாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூட்டையைக் காலால் ஒதுக்கப் போனவள், நீலத்தைப் பார்த்து நின்றுவிட்டேன்.

சமையல்காரர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் கண்ணுக்கு அது மூலையில் கிடந்த கந்தல். வெளுத்துப்போன அந்தத் துணியில் கொடியைப் பார்க்க, முன்பே தெரிந்த கண் வேண்டும்.

கனகவல்லி அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கிணற்றடிக்கு எடுத்துப் போனார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே தண்ணீர் இறைத்தார். வெள்ளைப் பட்டையில் இருந்த மஞ்சள்கறை சோப்பு பட்டதும் ரத்தச் சிவப்பாக மாறியது. எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதிதான் அது. இருந்தும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் மறுபடி கசக்க ஆரம்பித்தார். கசக்கக் கசக்கத் துணி கையோடு வந்தது.

துணி காயப்போடும் கயிற்றில் போடக்கூட முடியவில்லை. கல்மேல் விரித்தோம்.

"எரிச்சிடலாம்," என்றார். "இத்தினி நாளு நான்தான் புடிச்சி வச்சிக்கினு இருந்தேன்."

கமிட்டித் தலைவரிடம் அவரே போய்ச் சொன்னார். தலைவர் பதறிப்போனார். கொடியை எரித்தால் ஜெயில் என்று மாகாணத்தில் சட்டமே வந்து சில வருஷம் ஆகிறது, போன வருஷம்தான் ஊர் பற்றி எரிந்தது, இந்த நேரத்தில் என் பள்ளிக்கூடத்தில் கொடி எரித்தார்கள் என்று பெயர் வேண்டாம், செய்தால் இரண்டு பேருக்கும் வேலை இருக்காது என்றார். வேண்டுமானால் இருட்டியதும் கடலில் வீசிவிடுங்கள் என்று யோசனையும் சொன்னாராம்.

கனகவல்லி அம்மாள் திரும்பி வந்து அதை என்னிடம் சொல்லும்போது மூச்சு வாங்கியது.

"திருடுன பொருளா, இருட்டுல வீசறதுக்கு? உங்க ஊட்டுல தோட்டம் இருக்குதா டீச்சர்?"

இருந்தது. சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கீற்று வேலி அடைத்த தோட்டம். அவருடைய மாடியறையில் அதற்கு இடமில்லை. சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் இருவரும் ரயிலேறினோம்.

கொடியைத் தேடிய போலீஸ்

கொடியை ஒரு சலவை வேட்டியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்திருந்தோம். அன்று விழுந்ததும் நான் எடுத்து வைத்திருந்த பச்சைத் துண்டும் அதோடுதான் இருந்தது. ஒரு சின்னப் புட்டியில் நெய், கொஞ்சம் சூடம், தீப்பெட்டி. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கனகவல்லி அம்மாள் வழி நெடுக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று மாலை டில்லி மந்திரி ஒருவர் சிதம்பரம் வருகிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. இறங்கியதும் பிளாட்பாரம் முழுக்கப் போலீஸ். யாராவது கறுப்புக் கொடி கொண்டுவருகிறார்களா என்று ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கான்ஸ்டபிள் எங்கள் பெட்டியைத் திறந்தார். வேட்டியை விலக்கினார். கிழிந்து கரிபிடித்த தேசியக் கொடி. பக்கத்தில் நெய்ப்புட்டி. அதன் மேல் தீப்பெட்டி.

அவர் விசிலை எடுக்கவே இல்லை. பெட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு, கூட வாங்க என்றார்.

பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு சின்ன அறை. உள்ளே இளவயதுச் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். மேஜைமேல் கொடியை விரித்துப் பார்த்தார். பார்த்தவர் எழுந்து நின்றுகொண்டார்.

"இத இன்னா செய்யப் போறீங்க?"

நான் விளக்கிச் சொல்ல வாயெடுப்பதற்குள் கனகவல்லி அம்மாள் முந்திக்கொண்டார்.

"எரிக்கப் போறோம்."

அறை வாசலில் நின்ற கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்தார். நான் அவசரமாகப் பயிற்சியில் படித்ததையெல்லாம் சொன்னேன். யார் நாங்கள், எந்தப் பள்ளி, கொடி எப்படி இந்த நிலைக்கு வந்தது, ஏன் இங்கே கொண்டுவந்தோம் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். அவருக்கும் அந்த முறை தெரியும். தெரிந்ததுதான் சிக்கல் என்று அவரே சொன்னார். நாளைக்கு யாராவது வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பொம்பளைகள் கொடியை எரித்தார்கள் என்று சொன்னால், முறையைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? மந்திரி ஊரில் இருக்கும்போது, சோதனை போட்டுவிட்டு நான் எப்படி விட்டேன் என்றுதான் கேட்பார்கள் என்றார்.

கடைசியில் எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து ஒரு வழி சொன்னார். கொடியை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உங்கள்மேல் ஒன்றும் வராது.

ரெண்டுல ஒண்ணு

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த வழி ஒரு நிமிஷம் இனித்தது. வீட்டுக்குப் போகலாம். வேலை தப்பும். ஆனால் இந்த அறையில் கொடி எங்கே வைக்கப்படும்? இன்னொரு பீரோ. இன்னொரு மூலை. இவர் மாற்றலாகிப் போன பிறகு வேறொருவர் அதைக் கந்தல் என்று நினைப்பார்.

"கேஸ் போடணும்னா போடுங்க சார்," என்றேன். "இல்லன்னா கொடிய எங்க கையில குடுங்க. ரெண்டுல ஒண்ணு செய்யிங்க. வுட்டுட்டு மட்டும் போவ மாட்டோம்."

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. டிரில் மைதானத்துக் குரல் அது. சின்ன அறைக்குக் கொஞ்சம் அதிகம்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பழைய கொடிக்காகவா இவ்வளவு என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அப்போதுதான் கனகவல்லி அம்மாள் பேசினார். இத்தனை நாள் என்னிடம்கூடச் சொல்லாததை, மேஜைமேல் கிடந்த துணியின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே சொன்னார்.

அவருக்கு ஒரு அண்ணன். வெள்ளைக்காரன் காலத்தில் மறியல் செய்து ஜெயிலுக்குப் போனவர். தூரத்து ஜெயில். அங்கே ராட்டை சுற்ற அனுமதி வாங்கி நூல் நூற்றுக்கொண்டிருந்தார். காய்ச்சல் கண்டு உள்ளேயே இறந்துபோனார். சேதி வீட்டுக்கு வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

"சாமான்னு ஒரு மூட்ட வந்துச்சி. ஒரு வேட்டி, ஒரு தட்டு, சிட்டம் சிட்டமா நூலு. எங்கம்மா அந்த நூல யாரையும் தொட வுடல. சுதந்திரம் வருதுன்னு சொன்னப்ப, அவுங்களே எடுத்துக் குடுத்தாங்க. தறியில குடுத்து நெஞ்சி, சாயம் போட்டு, பள்ளிக்கூடத்துக்குன்னு நான்தான் தச்சேன். அந்தக் கொடி சார் இது."

 வெளியே கூட்ஸ் வண்டி ஒன்று கடந்து போயிற்று. அது போய் முடியும்வரை சப்-இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டே இருந்தார்.

 வாரத்துக்கு ஒருமுறை அவர் வாசலில் போய் நின்று எரிக்க வேண்டும், எரிக்க வேண்டும் என்று நான் சொன்னது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்?

இதற்குள் நேரமாகிறதே என்று தேடிக்கொண்டு மச்சான் ராமலிங்கம் வந்துவிட்டார். ரயிலடிப் போலீஸ்காரர்களின் சைக்கிளெல்லாம் அவர் கடையில்தான் பஞ்சர் ஒட்டுவது. கான்ஸ்டபிள் அவரை அடையாளம் சொன்னார்.

சப்-இன்ஸ்பெக்டர் கொடியைத் தானே மடித்தார். வேட்டியில் சுற்றிக் கனகவல்லி அம்மாளின் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கி வாணாம்மா. மந்திரி போவட்டும். நாளைக்குக் காலைல நான் வரேன். நான் நிக்கும்போது செய்யிங்க. யார்னா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஞாயிறு காலை

காலையில் தோட்டத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். மச்சான் செங்கல் அடுக்கி, காய்ந்த வேப்பங்குச்சியும் வறட்டியும் வைத்தார். கனகவல்லி அம்மாள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் வரவில்லை. வெயில் வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று மச்சான் சொன்னார். வராவிட்டாலும் செய்யத்தான் போகிறோம், அப்புறம் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கனகவல்லி அம்மாள் கேட்டார்.

கொடியை விரித்தோம். அவர் காவிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார், நான் பச்சைப் பக்கத்தை. உதிர்ந்த துண்டை அதன் இடத்தில் பொருத்தி வைத்து, முறைப்படி மடித்தோம். குச்சி அடுக்கின்மேல் வைக்கும்போது வாசலில் சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது. சப்-இன்ஸ்பெக்டர் யூனிஃபாரத்தில் வந்திருந்தார். மந்திரியை வழியனுப்பிவிட்டு நேரே வருவதாகச் சொன்னார். கண்கள் சிவந்திருந்தன.

நான் தீப்பெட்டியை எடுத்தேன். கனகவல்லி அம்மாள் கையை நீட்டினார்.

"எங்கண்ணனுக்குக் கொள்ளி வைக்க எங்கள யாரையும் கூப்புடல. குடுங்க."

கொடுத்தேன். சூடம் பற்றி, நெய்யில் ஏறி, துணியைப் பிடித்தது. கதர் வேகமாகத்தான் எரியும் என்று நினைத்திருந்தேன். மடிப்பு மடிப்பாக, நிதானமாக எரிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் குதிகால்களைச் சேர்த்து நின்று சல்யூட் அடித்தார். கடைசிப் புகை போகும்வரை கையை இறக்கவில்லை. நானும் அட்டென்ஷனில் நின்றேன். மச்சான் என்ன செய்வதென்று தெரியாமல் கைகூப்பினார்.

கனகவல்லி அம்மாள் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து, எரியாமல் ஒதுங்கிய ஒரு நூலைக் குச்சியால் தீக்குள் தள்ளினார். அவ்வளவுதான்.

மறுநாள் அவரே கமிட்டித் தலைவரிடம் போய், எரித்துவிட்டோம் என்றார். போலீஸ் அதிகாரி பக்கத்தில் நின்றார் என்றும், என்னை அழைத்துப்போனது தான்தான், கேட்க வேண்டியதைத் தன்னிடம் கேட்கலாம் என்றும் சொன்னார். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவருக்கு வர வேண்டிய பணி நீட்டிப்பு வரவில்லை. அடுத்த வருஷம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறைப்பட்டுப் பேசியதில்லை. அதற்குப் பின் நான் பணியில் இருந்தவரை எங்கள் பள்ளியில் நைந்த கொடி எதுவும் பீரோவுக்குப் போகவில்லை. நான் யாரிடமும் உத்தரவு கேட்கவும் இல்லை.

சாம்பலை ஒரு மண்கலயத்தில் எடுத்து வைத்திருந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் பரங்கிப்பேட்டை போனோம். வெள்ளாறு கடலில் விழும் இடத்தில் என் தம்பி படகை நிறுத்தித் தயாராக இருந்தான். கனகவல்லி அம்மாள் வேண்டாம் என்றுவிட்டார். செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டு, இடுப்பளவு தண்ணீருக்கு நடந்தே போனார். ஆற்றின் இழுப்பு அங்கே ஜாஸ்தி. நான் பின்னாலேயே போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

கலயத்தைக் கவிழ்த்தார். சாம்பல் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் சுற்றிவிட்டு, அலை திரும்பியதும் அதோடு போயிற்று.

கரையேறி, கஞ்சி போன புடவையைப் பிழிந்துகொண்டே ரயிலுக்கு எத்தனை நேரம் இருக்கிறது என்று கேட்டார். நிறைய இருக்கிறது, காய்ந்ததும் போகலாம் என்றேன்.

"இல்ல, கெளம்பலாம்," என்றார். "வாங்கி வச்ச புதுக் கொடி மடிச்சபடியே இருக்குது. காலைல ஏத்தணுமில்ல, இஸ்திரி போட்டு வைக்கணும்."